ஏவுதளத்துக்குள் நுழைந்த மூவர்

அறுபத்தொன்பதிலேயே நிலவில் கால் வைத்தவர்களுக்கு இப்போது ஏன் இத்தனை தடுமாற்றம்? என் சித்தப்பா கேட்ட இந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை. நிலவுக்கு மீண்டும் மனிதர்களை அனுப்பும் நாசா திட்டத்தின் ஆளில்லாத முதல் பயணம் ஆர்டெமிஸ் 1. 2022 செப்டம்பரில் அதன் ஏவுதல் இரண்டாம் முறையாக, இந்தத் தடவை ஹைட்ரஜன் கசிவால், தள்ளிப்போன செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டார். அவர் கேட்டதில் ஏளனம் எதுவும் இல்லை. அப்போலோ 11 செய்தியை வானொலியில் கேட்டு மறுநாள் பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்த தலைமுறை அவருடையது. "கையால் கணக்குப் போட்ட காலத்தில் போய்விட்டு வந்தார்களே அப்பா, இப்போது ஒரு கசிவை அடைக்க முடியவில்லையா?" என்றபோது அவர் குரலில் இருந்தது ஏமாற்றம்தான். அன்றைக்கு நாசாவுக்குக் கிடைத்த பணம் வேறு, இன்றைய பாதுகாப்பு விதிகள் வேறு என்று வழக்கமான பதில்களைச் சொன்னேன். இரண்டும் உண்மைதான். ஆனால் சொல்லி முடித்த பிறகும் எனக்கே அது முழுப் பதிலாகத் தோன்றவில்லை.

நான் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறவன். ராக்கெட் படம் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் கீழே போகும்; குழாய்கள், வால்வுகள், இணைப்புகள், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. செய்தித்தாள்கள் அந்தப் பகுதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஏவுதளம் என்றால் ராக்கெட் கிளம்பும் இடம், அவ்வளவுதான் என்ற எண்ணம் பலருக்கு. சித்தப்பாவின் கேள்விக்கு விடை அந்தக் கீழ்ப்பகுதியில்தான் கிடக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆர்டெமிஸ் 1 நின்ற இடமான, ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் 39பி ஏவுதளத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கலைத்துவிட்டுக் கட்டிய தளம்

39பி-யிலிருந்து முதலில் கிளம்பியது அப்போலோ 10. நாள் 1969 மே 18. நிலவுக்கு மனிதர்களை ஏற்றிச் சென்ற அப்போலோ பயணங்களில் இங்கிருந்து புறப்பட்டது அது ஒன்றுதான். பிறகு ஸ்கைலேப் விண்வெளி நிலையத்துக்குப் போன மூன்று குழுக்கள், 1975-இல் சோவியத் கலத்துடன் விண்ணில் கைகுலுக்கிய அப்போலோ, அதன்பின் விண்ணோடங்கள். இத்தளத்திலிருந்து கிளம்பிய முதல் விண்ணோடம் சேலஞ்சர், 1986 ஜனவரி 28. அன்று அது வானிலேயே சிதறி ஏழு பேர் இறந்ததை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. 2006 டிசம்பரோடு விண்ணோடங்களும் இங்கிருந்து கிளம்புவது நின்றது. 2009 அக்டோபரில் ஆரெஸ் 1-எக்ஸ் என்ற ஒரே ஒரு சோதனை ராக்கெட் பறந்தது. அதற்குப் பிறகு, விண்ணோடங்களுக்காகத் தளத்தின் மேல் எழுப்பியிருந்த நிலைக் கோபுரத்தையும் சுழல் கோபுரத்தையும் பிரித்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது ஒரு கான்கிரீட் மேடு, நடுவே தீப்பிழம்பு வெளியேறும் ஒரு பள்ளம், ஓரங்களில் எரிபொருள் தொட்டிகள்.

இப்படி வெறுமையாக்கியது வேண்டுமென்றே செய்த முடிவு. ராக்கெட்டுக்கு வேண்டிய கோபுரம் தளத்தில் நிலையாக நிற்க வேண்டாம். நகரும் ஏவுமேடையோடு சேர்ந்து, ராக்கெட்டைச் சுமந்தபடி, ஒன்றுகூட்டும் கட்டடத்திலிருந்து ஊர்ந்து வரட்டும் என்ற அப்போலோ காலத்து ஏற்பாட்டுக்கே திரும்பினார்கள். அந்த ஏவுமேடையும் ஆர்டெமிஸுக்கான எஸ்எல்எஸ் ராக்கெட்டுக்காகப் பிறந்ததில்லை. கைவிடப்பட்ட ஆரெஸ் 1 என்ற ஒல்லியான ராக்கெட்டுக்காகக் கட்டியதை, அதைவிடப் பல மடங்கு கனமான எஸ்எல்எஸ் ராக்கெட்டுக்கு ஏற்றபடி வலுப்படுத்தி, இணைப்புக் கைகளைப் புதிதாகப் பொருத்தினார்கள். பழைய வீட்டை இடித்துக் கட்டுவதைவிட மாற்றிக் கட்டுவதுதான் அதிகச் செலவு என்று நம் ஊர்க் கொத்தனார் சொல்வார்; இங்கும் அதே கதை.

தளத்துக்குள் நடந்த வேலைகளை வாசிக்க எனக்கு அலுக்கவே இல்லை. சுமார் 400 கிலோமீட்டர் நீளச் செப்புக் கம்பிகளை உருவி எடுத்துவிட்டு, 90 கிலோமீட்டர் அளவுக்குக் கண்ணாடி இழை வடம் இழுத்தார்கள். ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்தில் மூன்று இடிதாங்கிக் கோபுரங்களை நட்டு, அவற்றுக்கிடையே கம்பிகளைத் தொங்கவிட்டார்கள். 2022 ஏப்ரலில் எரிபொருள் நிரப்பும் ஒத்திகைக்காக ராக்கெட் அங்கே நின்றபோது ஒரே நாளில் நான்கு மின்னல்கள் அந்தக் கோபுரங்களில் இறங்கின. ராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபுரங்கள் அன்றைக்குச் செய்த வேலை எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்!

தீப்பள்ளத்தின் சுவர்கள் தனிக்கதை. ராக்கெட் கிளம்பும்போது வெளியேறும் நெருப்பு அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் பக்கவாட்டில் திருப்பிவிடப்படுகிறது. சுவர் முழுக்க வெப்பம் தாங்கும் செங்கற்கள். 2008-இல் பக்கத்துத் தளமான 39ஏ-யில் டிஸ்கவரி விண்ணோடம் கிளம்பியபோது பள்ளத்தின் சுவரிலிருந்து ஆயிரக்கணக்கான செங்கற்கள் பெயர்ந்து பறந்தன. அப்போலோ காலத்தில் பதித்த கற்கள் அவை; இத்தனை ஆண்டுகள் நின்றதே பெரிது. 39பி-யைப் புதுப்பித்தபோது பழைய கற்களைப் பெயர்த்துவிட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் புதுக் கற்களைப் பதித்தார்கள். ஒரு லட்சம் கற்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். நிலவுப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் பேச வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மைனஸ் 253

கசிவுக்கு வருகிறேன். எஸ்எல்எஸ் ராக்கெட்டின் மையக் கட்டத்தில் 20 லட்சம் லிட்டர் திரவ ஹைட்ரஜனும் ஏழு லட்சம் லிட்டருக்கு மேல் திரவ ஆக்சிஜனும் நிரப்ப வேண்டும். ஹைட்ரஜன் திரவமாக இருக்க வேண்டுமானால் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். குளிரில் உலோகம் சுருங்கும். குழாய், வளையம், போல்ட், இடையிலுள்ள காப்புப் பட்டை ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் சுருங்கும். சாதாரண வெப்பநிலையில் சோதித்தபோது ஒரு குமிழிகூட வராத இணைப்பு, குளிர்ந்ததும் வாய் பிளக்கும். போதாக்குறைக்கு ஹைட்ரஜன்தான் மூலக்கூறுகளிலேயே மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாத கீறலிலும் நுழைந்துவிடும். தீப்பற்றினாலும் பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்துச் சோதனைக் களங்களில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். துடைப்பம் பற்றிக்கொண்டால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

2022 செப்டம்பர் 3 அன்று கசிந்தது, ஏவுமேடையிலிருந்து ராக்கெட்டுக்குள் ஹைட்ரஜனைக் கொண்டுபோகும் எட்டு அங்குலக் குழாயின் இணைப்பு. ராக்கெட் கிளம்பும் நொடியில் தானாகக் கழன்றுகொள்ள வேண்டிய இணைப்பு அது. அதுவரை சொட்டுக்கூடக் கசியக் கூடாது. அந்த நொடியில் சற்றும் தயங்காமல் விலகிவிட வேண்டும். இந்த இரண்டையும் ஒரே பொருளிடம் எதிர்பார்ப்பது எத்தனை கடினம் என்பது குழாய் வேலை தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். சுற்றியுள்ள காற்றில் ஹைட்ரஜன் நான்கு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய வரம்பு. அன்று அது இரண்டு மூன்று மடங்கு தாண்டியது. பிறகு கழற்றிப் பார்த்தபோது காப்புப் பட்டையில் ஒரு சிறு பள்ளம் தெரிந்தது; அரை மில்லிமீட்டர்கூட இருக்காது.

பட்டையை மாற்றினார்கள். அழுத்தத்தைக் குறைத்து, குழாயைப் பதமாகக் குளிரவைத்து, மெல்ல நிரப்பும் புதிய முறையைச் செப்டம்பர் 21 அன்று சோதித்துப் பார்த்தார்கள். இயந்திரத்தை மாற்றியதைவிட, அதைக் கையாளும் விதத்தை மாற்றியதுதான் அதிகம் உதவியது என்று நான் நினைக்கிறேன். பிறகு இயன் புயல் வந்தது; ராக்கெட்டைக் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். நவம்பரில் மீண்டும் வெளியே கொண்டுவந்தபோது நிக்கோல் புயல். இந்த முறை ராக்கெட் தளத்திலேயே நின்று புயலைத் தாங்கியது.

நவம்பர் 15 இரவு

அன்று நம் ஊரில் நவம்பர் 16 காலை. நேரலையை வைத்துவிட்டு அலுவலக விடுப்பில் உட்கார்ந்திருந்தேன். பெரிய இணைப்பு இந்த முறை ஒழுங்காக இருந்தது. மையக் கட்டம் நிரம்பி, ஆவியாகிக் குறைவதை ஈடுசெய்யச் சிறிது சிறிதாக நிரப்பிக்கொண்டிருக்கும் நிலை. அப்போது வேறோர் இடத்தில் கசிவு: அந்த ஈடுசெய்யும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில். அது ராக்கெட்டில் இல்லை. ஏவுமேடையின் அடித்தளத்துக்குள் இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பொத்தான் அழுத்தித் தீர்க்கக்கூடிய கோளாறும் இல்லை.

ட்ரென்ட் ஆனிஸ், பில்லி கேர்ன்ஸ், சாட் காரெட் என்ற மூவர் தளத்துக்கு அனுப்பப்பட்டார்கள். எரிபொருள் நிரப்பிய ராக்கெட்டுக்கு அருகே போகப் பயிற்சி பெற்ற இவர்களைச் சிவப்புக் குழு என்கிறார்கள். மற்ற எல்லோரும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்க, இவர்கள் 98 மீட்டர் உயர ராக்கெட்டின் அடிக்குப் போனார்கள். தலைக்கு மேலே 20 லட்சம் லிட்டர் ஹைட்ரஜன். ராக்கெட் உயிரோடு இருப்பதுபோல் முனகிக்கொண்டும் ஆவியை உமிழ்ந்துகொண்டும் இருந்தது, பயமாகத்தான் இருந்தது என்று திரும்பி வந்தபின் ஆனிஸ் தொலைக்காட்சியில் சொன்னார். அங்கே அவர்கள் செய்த வேலை: வால்வின் பேக்கிங்கை, அதாவது கசிவைத் தடுக்கும் அடைப்பை, பிடித்திருக்கும் நட்டுகளை முடுக்கியது.

இதை அறிவிப்பாளர் சொன்ன கணத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வால்வு பேக்கிங் என்பது எங்கள் ஆலையில் தினசரி வேலை. வால்வின் தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தில் வளையம் வளையமாகப் பேக்கிங்கை அடைத்து, மேலே கிளாண்ட் என்ற அழுத்துமூடியை வைத்து இரண்டு நட்டுகளால் அழுத்தியிருப்பார்கள். கசிந்தால் நட்டை முடுக்க வேண்டும். ஆனால் ஒரே பக்கம் முடுக்கினால் கிளாண்ட் சாய்ந்துவிடும்; கசிவு கூடும். இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாறி மாறிப் போக வேண்டும். அளவுக்கு மீறினால் தண்டு இறுகி வால்வு அசையாது. எங்கே நிறுத்துவது என்பதற்கு விளக்கப் புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். ஆனால் எங்கள் மூத்த ஃபிட்டர் ஸ்பேனரின் கைப்பிடியில் விரல் வைத்தபடி, காதைச் சாய்த்து, நட்டு பேசுவதைக் கேட்பதுபோல் நிற்பார். புதிதாக வந்த பையன்களை அவர் பக்கத்தில் நிற்கவைத்து விரலைப் பிடித்து உணரவைப்பார். எத்தனை முறை செய்தால் அந்த உணர்வு வரும் என்று கேட்டால், செய்துகொண்டே இரு, விட்டால் போய்விடும் என்பார்.

மூவரும் வேலையை முடித்துத் திரும்பினார்கள். கசிவு அடங்கியது. நடுவே ஏவுதலைக் கண்காணிக்கும் ரேடார் ஒன்று பழுதான வலையமைப்புக் கருவியால் முடங்கி, அதையும் மாற்ற வேண்டியிருந்தது. ஏவுதல் இயக்குநர் சார்லி பிளாக்வெல்-தாம்ப்சன் பச்சைக்கொடி காட்ட, அங்கே அதிகாலை 1.47-க்கு, இங்கே நண்பகல் 12.17-க்கு ராக்கெட் எழும்பியது. நாற்பது லட்சம் கிலோ எடையைத் தூக்கும் விசை. நான் அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அன்றிரவு தூக்கம் வராமல் அப்போலோ 11 ஏவுதல் நாளின் வர்ணனைப் பதிவை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். 1969 ஜூலை 16 காலை. ஆம்ஸ்ட்ராங்கும் மற்ற இருவரும் கலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கும் நேரம். ஏவுதளத்தில் ஒரு வால்வில் கசிவு என்று வர்ணனையாளர் ஜாக் கிங் சொல்கிறார். சாட்டர்ன் 5 ராக்கெட்டின் மூன்றாம் கட்டத்துக்குத் திரவ ஹைட்ரஜனை ஈடுசெய்து நிரப்பும் அமைப்பில் உள்ள வால்வு. மூன்று தொழில்நுட்பப் பணியாளர்களையும் ஒரு பாதுகாப்பு அலுவலரையும் அனுப்பியிருக்கிறோம், அவர்கள் வால்வைச் சுற்றியுள்ள போல்ட்களை முடுக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார்.

திரும்பத் திரும்ப வாசித்தேன். அதே வாயு, அதே வகை வால்வு, அதே மூவர், அதே ஸ்பேனர் வேலை. இடையில் 53 ஆண்டுகள். அன்றைக்கும் கசிந்திருக்கிறது. அன்றைக்கும் நிரம்பிய ராக்கெட்டின் பக்கத்தில் போய் மனிதர்கள் நின்றிருக்கிறார்கள். அந்த ராக்கெட் குறித்த நேரமான 9.32-க்குக் கிளம்பிவிட்டதால் கசிவு பெரிய பேச்சாகவில்லை. சித்தப்பாவின் நினைவிலும் அது இல்லை.

இடைவெளி

அப்படியானால் அன்றைக்கு ஏன் தள்ளிப்போகவில்லை? தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் தெரியும். அப்போலோ 8 கிளம்பியது 1968 டிசம்பர் 21. அப்போலோ 9 மார்ச் 3. அப்போலோ 10 மே 18. அப்போலோ 11 ஜூலை 16. ஏழு மாதங்களுக்குள் நான்கு சாட்டர்ன் 5 ராக்கெட்டுகள். 39பி-யிலிருந்து அப்போலோ 10 போன இரண்டாம் நாளே, மே 20 அன்று, அப்போலோ 11-இன் ராக்கெட் 39ஏ தளத்துக்கு ஊர்ந்து வந்துவிட்டது. இரண்டு தளங்கள் இருந்ததன் பயன் அதுதான். ஹைட்ரஜன் நிரப்பும் குழு சில வாரங்களுக்கு ஒருமுறை அந்த வேலையைச் செய்துகொண்டே இருந்தது. எந்த வால்வு எந்தக் குளிரில் முரண்டு பிடிக்கும் என்பது அவர்கள் விரல் நுனியில் இருந்தது.

விண்ணோடக் காலத்திலும் ஹைட்ரஜன் விட்டுவைக்கவில்லை. 1990 கோடையில் கொலம்பியாவிலும் அட்லாண்டிஸிலும் அடுத்தடுத்துக் கசிவுகள் தென்பட்டு, விண்ணோடங்கள் மாதக்கணக்கில் தரையில் நின்றன. காரணம் கண்டுபிடித்து மீண்டும் பறக்கத் தொடங்கியபின் ஆண்டுக்குப் பலமுறை பறந்தார்கள். கடைசி விண்ணோடம் 2011 ஜூலையில் கிளம்பியது. அதற்குப் பிறகு ஆர்டெமிஸ் 1 வரை பதினோரு ஆண்டுகள் கென்னடி மையத்தின் நாசா குழு இவ்வளவு பெரிய ஹைட்ரஜன் ராக்கெட் எதையும் ஏவவில்லை. பதினோரு ஆண்டுகளில் மூத்த ஃபிட்டர்கள் ஓய்வு பெற்றுவிடுவார்கள். வரைபடங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கும். விரல்களின் நினைவு இருக்காது. அந்த நினைவை 39பி தளத்தில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க, மீண்டும் உண்டாக்கினார்கள். அதைத் தடுமாற்றம் என்று சொல்ல எனக்கு இனி மனம் வராது.

ஆர்டெமிஸில் மனிதர்கள் பயணிப்பதற்கான ஓரியன் கலத்தின் வெப்பக் கவசத்திலும் இதே கதையைக் காண்கிறேன். அப்போலோ கலங்களில் தேன்கூடு போன்ற சட்டத்தின் ஒவ்வொரு கண்ணிலும் ஆவ்கோட் என்ற பொருளைக் கையால் நிரப்பினார்கள். 2014 டிசம்பரில் ஓரியன் முதன்முதலாகப் பறந்தபோதும் அதே முறைதான்; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கண்கள். அதற்கு ஆகும் உழைப்பையும் நேரத்தையும் கருதி, ஆர்டெமிஸ் 1-க்கு ஆவ்கோட்டை 186 கட்டிகளாக வார்த்து ஒட்டினார்கள். 2022 டிசம்பர் 11 அன்று பசிபிக் கடலில் இறங்கிய கலத்தை எடுத்துப் பார்த்தால், கவசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய அடுக்கு துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. காரணம் கண்டறிய இரண்டு ஆண்டுகள் ஆயின. கலம் வளிமண்டலத்தில் ஒருமுறை முங்கி, மேலெழும்பி, மறுபடி இறங்கும் பாதையில் வந்தது. இரண்டு முங்கல்களுக்கு இடையே வெப்பம் தணிந்திருந்த நேரத்தில் கவசத்துக்குள் உருவான வாயு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பிளந்துவிட்டது. தரையில் செய்த சோதனைகளில் உண்மையைவிட அதிக வெப்பம் கொடுத்திருந்தார்கள். அதில் கருகிய அடுக்கு துளைகளோடு உருவாகி வாயுவை விட்டுவிட்டது. கடுமையான சோதனையில் தேறிய பொருள் மிதமான வெப்பத்தில் உடைந்தது. பறந்து பார்க்காமல் இதை யாரும் கண்டிருக்க முடியாது என்றுதான் நான் நம்புகிறேன்.

இதே கவசத்தோடு, இறங்கும் பாதையை மாற்றி, அடுத்த பயணத்தில் மனிதர்களை அனுப்பலாம் என்று 2024 டிசம்பரில் நாசா முடிவெடுத்தது. அதை எதிர்த்தவர்களும் உண்டு. அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். என் வருத்தம் வேறு: ஆளில்லாத பயணங்கள் இன்னும் இரண்டு, குறுகிய இடைவெளியில் நடந்திருந்தால், இந்தக் கேள்வியை மனிதர்களை வைத்து முடிவு செய்ய வேண்டிய நிலை வந்திருக்காது. பணம் அப்படிப் பறப்பதற்குப் போகாமல் வேறெங்கோ போனது. இரண்டாவது நகரும் ஏவுமேடைக்கு 2019-இல் போட்ட ஒப்பந்தம் 38.3 கோடி டாலர். 2024 ஆகஸ்டில் நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மதிப்பிட்டபோது அது 270 கோடி டாலராக நின்றது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

39பி-யில் வேலை முதல் பயணத்துக்குப் பிறகும் ஓயவில்லை. ஆர்டெமிஸ் 1 கிளம்பிய வேகத்தில் ஏவுமேடையின் மின்தூக்கிக் கதவுகள் பிய்ந்து போயிருந்தன. அவற்றை வலுப்படுத்த வேண்டியிருந்தது. ஆபத்து நேர்ந்தால் வீரர்கள் கோபுரத்திலிருந்து தப்பித்துத் தளத்தின் எல்லைவரை கம்பியில் சறுக்கி இறங்கக் கூடைகள் பொருத்தினார்கள். 47 லட்சம் லிட்டர் கொள்ளும் புதிய ஹைட்ரஜன் கோளம் ஒன்றும் பழையதன் அருகே நிற்கிறது. அதன் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே நுண்ணிய கண்ணாடிக் குமிழ்களை நிரப்பியிருக்கிறார்கள், குளிர் வெளியேறாமல் இருக்க.

இனி இந்தத் தளத்திலிருந்து ஏதேனும் ராக்கெட் கிளம்பும் நாளில் நேரலை பார்க்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடைசிப் பத்து நிமிடங்களுக்கு மட்டும் வராதீர்கள். எரிபொருள் நிரப்பத் தொடங்கும்போதே வந்துவிடுங்கள். முதலில் குழாயைக் குளிரவைப்பார்கள். பிறகு மெதுவாக நிரப்புவார்கள், வேகமாக நிரப்புவார்கள், கடைசியில் ஈடுசெய்யும் நிலைக்கு வருவார்கள். மெதுவான ஓட்டத்திலிருந்து வேகமான ஓட்டத்துக்கு மாறும் நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஹைட்ரஜன் அளவு எகிறினால் பெரும்பாலும் அங்கேதான் எகிறும். அறிவிப்பாளர் சிவப்புக் குழு என்று சொன்னால், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வையுங்கள்.